எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்

தம்பி, பிள்ளை, இது அப்பாவின் கடிதம், இரண்டு பேரும் அம்மாவுக்குக் கிட்ட வந்து இருங்கள். தம்பி எழுத்துக் கூட்டித் தானே வாசிப்பான். இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்துவிட்டுத்தானே போனவன். பிள்ளைக்கு அம்மா வாசித்துச் சொல்லட்டும். விளங்காத சொல் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். நானும் இந்த வயதில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டவன்தான்.

நான் எழுதிப் பழகியவன் இல்லை. ஓ.எல். சோதனை எழுதிவிட்டுக் கொழும்பு புறக்கோட்டையில் பூட்டுக் கடைக்கு வேலைக்கு வந்தேன். அதற்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் கடைப் பில்தான். ஆனால் அப்பா ஏன் பிரெஞ்சு படிக்கிறார் என்று தம்பி ஒருநாள் போனில் கேட்டான். அப்போது "சும்மாதான்" என்று சொல்லிவிட்டேன். சும்மா இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரான்சில் இருக்கிற மாமாவின் மகளுடைய கலியாணத்துக்குப் போவதற்கு நாங்கள் நான்கு பேருமாகத்தான் விசாவுக்குப் போட்டோம். அம்மாவுக்கும் உங்கள் இருவருக்கும் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் காலம் இங்கே பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம். நீங்கள் போங்கோ, நான் பின்னால் கெதியில வாறன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். விமான நிலையத்தில் பிள்ளை என் தோளில் நித்திரை. அம்மாவின் தோளுக்கு மாற்றும்போது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடிக்கொண்டாள். கலியாணம் முடிந்தது. மாமா அங்கேயே இருக்கச் சொன்னார், நானும் ஓம் என்றேன். இப்போது அம்மாவின் அகதிக் கேஸ் முடிந்து பேப்பர் கையில் வந்தால்தான் என்னைக் கூப்பிடலாம். இன்னும் காலம் எடுக்கும் என்று லோயர் சொல்கிறாராம். காலம் என்றால் எவ்வளவு என்று அவர் சொல்வதில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில் எல்லாம் நீங்கள் விட்டது போலத்தான் இருக்கிறது. பிள்ளையின் சின்னப் பிளாஸ்ரிக் கதிரையை மட்டும் அம்மா போகும்போது அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள், யாரும் ஏறி உடைத்துவிடக் கூடாது என்று. ரோஸ் நிறம், முதுகில் முயல் படம். கீழ்வீட்டு அக்கா தன் மகனுக்கு அதைக் கேட்டா. கால் உடைந்துபோய்விட்டது என்று சொன்னேன். உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு விடிந்து, எனக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் நாங்கள் கதைப்போம். ஆரம்பத்தில் பிள்ளை போனை விடவே மாட்டாள். சோபா, ஜன்னல், மாமி வீட்டுப் பூனை என்று எல்லாவற்றையும் காட்டுவாள். போன் ஆடுகிற ஆட்டத்தில் எனக்குத் தலை சுற்றும். அதெல்லாம் தமிழ்தான். மழலைத் தமிழ். பிறகு அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள்.

முதலில் போனது பால் என்ற சொல். "லே" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னாள், நானும் சிரித்தேன். பிறகு சப்பாத்து போனது. பிறகு மழை, படிக்கட்டு, கை, கால். ஒரு வீட்டை விட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. அது நல்லது என்றும் தெரியும். அங்கே இருக்கிற பிள்ளை அங்கத்தைய பாஷை கதைக்கத்தானே வேண்டும். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு நீ எனக்கு ஒரு பெரிய கதை சொன்னாய், பிள்ளை. உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. முழுக்கப் பிரெஞ்சு. கையை ஆட்டிக் காட்டினாய், கண்ணைப் பெரிதாக்கினாய், பிறகு நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாய். சிரிக்கவேண்டிய இடம் என்று நினைத்து நான் பெரிதாகச் சிரித்தேன். உன் முகம் சுருங்கியது. எழும்பிப் போய்விட்டாய். வெறும் சோபாதான் தெரிந்தது. பிறகு அம்மா வந்து, வகுப்பில் வளர்த்த மீன் செத்துப்போன கதை அது என்றாள்.

அதற்குப் பிறகு பிள்ளை போனுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் "அப்பா ஹாய், அப்பா பாய்". இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் நினைத்தேன். சிங்களம் எனக்கு யாரும் படிப்பித்தது இல்லை. கடையில் நின்று நின்று வந்தது. முதல் நாளே முதலாளி ஒரு வசனம் சொல்லித் தந்தார்: "மொனவத ஓனே?" என்ன வேணும் என்று அர்த்தம். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் வியாபாரம் செய்தேன். ஆட்கள் வந்தார்கள், நான் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள், அவர்கள் சொன்னதில் இருந்து சொற்களைப் பொறுக்கினேன். இன்றைக்குச் சிங்களத்தில் பகிடியும் விடுவேன். அப்படியென்றால் பிரெஞ்சு மட்டும் ஏன் வராது?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகிற ஒரு ஒழுங்கையில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் வகுப்பு. கடையில் சனிக்கிழமை அரைநேரத்தோடு என்னை விடச் சொல்லிக் கேட்டேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். பூட்டு வாங்க வெள்ளைக்காரன் வரப்போறானோ என்று கேட்டார். ஆனாலும் விட்டார்.

கோட்டையில் ரயில் ஏறினால் வெள்ளவத்தை வரைக்கும் ஒரு பக்கம் முழுக்கக் கடல். எனக்கு இருக்க இடம் கிடைத்தாலும் இருக்க மாட்டேன். வாசலில் நின்றுகொண்டு பிரெஞ்சு எண்களைச் சொல்லிக்கொண்டு போவேன். அந்தக் கடலைத் தாண்டித்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். மாப்பைப் பார்த்தால் அது சரியான திசை இல்லையாம், தம்பி சொன்னான். பரவாயில்லை, எனக்கு அது போதும்.

வகுப்பில் நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. மற்றவர்கள் எல்லாரும் பதிவுக் கலியாணம் எழுதிவிட்டு விசாவுக்குக் காத்திருக்கிற பெண்பிள்ளைகள். மாப்பிள்ளைமார் அங்கே, இவர்கள் இங்கே அறை எடுத்துத் தங்கி. பாடம் நடக்கும்போது மேசைக்குக் கீழே போன் வெளிச்சம் விட்டுவிட்டு எரியும். படிப்பிக்கிற மிஸ் அவர்களைவிட ஒன்றிரண்டு வயது கூட இருப்பா. ஹட்டன் பக்கத்தில் பிறந்து, களனிக் கம்பஸில் பிரெஞ்சு படித்தவ. என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவா.

முதல் நாள் பக்கத்து வாங்கில் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை திரும்பிக் கேட்டாள்.

"அண்ணை, உங்களுக்கு எம்பசியில எப்ப இன்ரர்வியூ?"

"எனக்கு இன்ரர்வியூ இல்லைப் பிள்ளை."

"அப்ப எதுக்கு வந்தனீங்கள்?"

"மகளோட கதைக்க."

அவள் சிரிக்கப் போனாள். பிறகு சிரிக்கவில்லை. தன்னுடைய பேனையை மூடி மூடித் திறந்தாள். அன்றிலிருந்து எனக்கு முன்வரிசையில் ஒரு இடம் பிடித்து வைப்பாள், வயதுபோனவருக்குக் காது கேளாது என்று மற்றவர்களுக்குச் சொல்லி.

படிப்பு எப்படி என்று கேட்பீர்கள். சின்னச் சின்ன வசனங்கள்தான். ஜு மாப்பெல், என் பெயர் இது. ஜாபித் ஆ கொலொம்போ, நான் கொழும்பில் வசிக்கிறேன். ஜு ஸுயி வான்தேர், நான் கடையில் விற்கிறவன். ஜே தெ ஸான்ஃபான், எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசி வசனத்தைச் சொல்லும்போது மட்டும் என் உச்சரிப்பு நல்லது என்று மிஸ் சொன்னா. மூக்கால் சொல்லவேண்டிய இடத்தில் சரியாக மூக்கால் வருகிறதாம். தடிமன் பிடித்ததனால் இருக்கும் என்றேன்.

அங்கே சாமான்களுக்கும் ஆண் பெண் உண்டு. கதவு பெண். கட்டில் ஆண். ஏன் என்று கேட்கக் கூடாது, பாடமாக்க வேண்டும். நான் கடையில் மிஞ்சுகிற விலைத்துண்டுகளை எடுத்து வந்து, அவற்றில் எழுதி வீட்டுச் சாமான்களில் எல்லாம் ஒட்டினேன். காஸ் அடுப்பில், கண்ணாடியில், சோற்றுப் பானையில். கடையில் என் கையில் எப்போதும் இருக்கிற சாமான்களின் பெயரையும் மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டு எடுத்தேன். பூட்டைத் திறக்கிற திறப்பு, லா க்ளே, பெண். ஆமைப்பூட்டு, லு கதனா, ஆண். அதைக் கேட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளை, "சரிதானே அண்ணை, பூட்டிக்கொண்டு கிடக்கிறது ஆம்பிளை, வந்து திறக்கவேண்டியது பொம்பிளை" என்றாள். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும்தான். அவளுடைய மாப்பிள்ளை பாரிசில் ஒரு அறையில் தனியாக இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

மிஸ் ஒன்றை மட்டும் ஒவ்வொரு கிழமையும் சொல்லுவா. "எது கேட்டாலும் டக்குன்னு பதில் சொல்லிடணும். பிழையா சொன்னாக்கூட பரவாயில்ல. தெரியாதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க." ஜு ந ஸே பா. எனக்குத் தெரியாது. அந்த வசனத்தைப் பலகையில் எழுதிக் குறுக்கே கோடு போட்டா. கணவன் எங்கே வேலை செய்கிறான், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான், வீட்டில் எத்தனை ஜன்னல், எப்போது போவீர்கள் — எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கவேண்டும். எப்போது என்று கேட்டால் சொல்ல ஒரு சொல் தந்தா: "பியான்தோ". கெதியில், சீக்கிரத்தில் என்று அர்த்தம். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் நன்றாகப் பிடித்துவிட்டது. போனில் மாப்பிள்ளைமாரிடம் பியான்தோ, பியான்தோ என்று படிக்கட்டில் இறங்கும்போது சொல்லிக்கொண்டே போவார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. விமான நிலையத்தில் தமிழில் நான் சொன்னதும் அதுதானே.

கொஞ்சம் வசனம் சேர்ந்ததும், ஒரு ஞாயிறு பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். சட்டை மாற்றி, சீப்பால் தலை இழுத்து, போனைச் சீனி ரின்னில் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தேன். பிள்ளை வந்ததும் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர், என் ஊர், என் வேலை, எனக்கு இரண்டு பிள்ளைகள். அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். பிறகு ஓடிப்போய் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். திரும்பவும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இரண்டு பேரும் சோபாவில் விழுந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய சந்தோஷம், தம்பி. நீ அதற்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டாய். தேவையே இல்லை.

சிரித்து முடிந்தது. பிள்ளை முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அடுத்தது என்ன என்பது போல. என்னிடம் அடுத்தது ஒன்றும் இருக்கவில்லை. என்னைப் பற்றி எல்லாம் சொல்லியாகிவிட்டது. உன்னிடம் ஏதாவது கேட்கவேண்டும் என்று தேடுகிறேன், ஒரு கேள்விகூட எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் போயும் நான் படித்ததெல்லாம் மறுமொழி. பிறகு "அப்பா பாய்".

அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸிடம் கேட்டேன், நாங்கள் எப்போது கேள்வி கேட்கப் படிப்போம் என்று. அவ பலகை துடைக்கிறதை நிறுத்திவிட்டு யோசித்தா. இந்த வகுப்புக்கு வருகிற யாரும் இதுவரைக்கும் அப்படிக் கேட்டதில்லையாம். "நாங்க எம்பசிக்குப் போய் கேள்வி கேக்கப் போறதில்லையே அண்ணே. அவங்கதானே கேப்பாங்க." சொல்லிவிட்டு அவவுக்கே ஒரு மாதிரியாகப் போய்விட்டது. சரி, மகளிடம் என்ன கேட்கவேண்டும், சொல்லுங்கள், இப்பவே எழுதித் தருகிறேன் என்றா.

என்ன கேட்பது? எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. எங்கள் ஆட்கள் போன் எடுத்தால் முதலில் என்ன கேட்போமோ அதுதான் வந்தது. சாப்பிட்டாச்சோ? என்ன கறி?

சாப்பிட்டாயா என்பதை எழுதித் தந்தா: த்யூ ஆ மான்ஜே? என்ன கறி என்று அங்கே யாரும் கேட்பதில்லை என்றும், கேட்டால் விளங்காது என்றும் சொன்னா. என் மனம் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு என்ன கறி என்று கேட்காமல் போனை வைத்தால் கதைத்தது மாதிரியா இருக்கும்? நானே ஒன்றைக் கட்டினேன். "கெல் க்யூரி?"

ஞாயிறு கேட்டேன். சாப்பிட்டாயா? பிள்ளை தலையை ஆட்டினாள். கெல் க்யூரி? பிள்ளை குழம்பினாள். நான் திரும்பக் கேட்டேன். எழும்பி அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அம்மா அகப்பையோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குச் சாப்பிடக் கறி வேணுமெண்டு அவள் வந்து அழாக்குறையா நிக்கிறாள். அங்க கடையொண்டும் இல்லையோ?"

அவள் காலமை பாலும் கோர்ன்ஃபிளேக்ஸும்தான் சாப்பிட்டிருக்கிறாள். அதில் என்ன கறி. அம்மாவும் நானும் நிறையச் சிரித்தோம். நீங்கள் போனதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான். ஆனால் பிள்ளை திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கு அடுத்ததும் நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். வி, பப்பா என்றாள். ஓம், அப்பா. ஒரே கேள்வி, ஒரே மறுமொழி, பாய்.

அந்த நாட்களில் ரயிலில் வரும்போது எண்களைச் சொல்வதை விட்டுவிட்டேன். அங்கே எழுபதுக்குத் தனியாகச் சொல் இல்லை, அறுபதும் பத்தும் என்றுதான் சொல்லவேண்டும். இப்படி ஒரு பாஷையைப் படித்து நான் எங்கே போய்ச் சேரப்போகிறேன் என்று அலுப்பாக இருந்தது. வகுப்பை நிறுத்திவிடுவோமோ என்றும் யோசித்தேன். நிறுத்தினால் பிறகு என்ன இருக்கிறது என்றும் யோசித்தேன்.

அப்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விசா வந்தது. வகுப்புக்குக் கேக் கொண்டுவந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளைக் கட்டிப் பிடித்தார்கள், பிறகு தங்கள் தங்கள் இடத்தில் போய் இருந்து அமைதியாகக் கேக்கைச் சாப்பிட்டார்கள். வெளிக்கிடும்போது அவள் என்னிடம் வந்தாள். பெட்டியில் இடம் இல்லையாம், என்றாலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான் ஏதாவது மகளுக்குக் கொடுத்துவிடுவதென்றால் தரச் சொன்னாள்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமானுக்கு நான் எங்கே போவது? கடையில் பார்த்தேன். பயணப்பெட்டிக்குப் போடுகிற சின்ன மஞ்சள் பூட்டு ஒன்று, ஒரு திறப்பு. எண்ணெய் விட்டு, துடைத்து, பல தரம் பூட்டித் திறந்து பார்த்துவிட்டுக் கொடுத்தேன். "வடிவான ஆம்பிளை" என்று சொல்லிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அது உங்களுக்குக் கிடைத்த ஞாயிறு, நான் அழைக்க முதலே அங்கிருந்து அழைப்பு வந்தது. அப்படி ஒருநாளும் வந்ததில்லை. யாருக்கோ சுகமில்லையோ என்று பயந்துபோய் எடுத்தேன். திரை முழுக்க மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பிள்ளை பூட்டைக் கமராவுக்கு முட்டப் பிடித்திருந்தாள். அது என்ன என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அந்தக் கேள்வி வகுப்பில் எத்தனையோ தரம் என் காதில் விழுந்தது. வாய் தானாகச் சொன்னது: "ஸெ லு கதனா."

பூட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. திறப்பு வந்தது. "ஸெ லா க்ளே." பிள்ளை ஓடினாள். போன் மேசையில் கிடக்க, நான் உங்கள் வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி வந்தது. சொன்னேன். சப்பாத்து வந்தது. சொன்னேன். பால் போத்தல் வந்தது. லே என்றேன். வீட்டுச் சாமான் முழுக்க ஒவ்வொன்றாக என் முன்னால் வந்தது. தெரியாதவை வந்தபோது அவளே சொல்லித் தந்து என்னைத் திரும்பச் சொல்ல வைத்தாள். பிழை விட்டால் விரலை ஆட்டினாள். தம்பி பின்னால் நின்று, "அப்பா, இவள் தன்ர ரீச்சர் மாதிரியே செய்யிறாள்" என்றான்.

எனக்குக் கேள்வி தெரியாது. அது ஒரு குறையாகவே இல்லை அன்றைக்கு. அவளிடம் கேள்வி நிறைய இருந்தது, என்னிடம் மறுமொழி இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பள்ளிக்கூடம்தான். பிள்ளை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பாள், காதில் ஒரு பென்சில். என்னைத் தெரியாத ஆள் மாதிரி பார்க்கவேண்டும் என்பது விளையாட்டு. நீங்கள் யார், பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை. நான் எழும்பி நின்று சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் கடைசியில் ஒரு நட்சத்திர ஸ்ரிக்கரைக் கமராவில் ஒட்டுவாள். அது என் நெற்றியில் ஒட்டினதாகக் கணக்கு. மிஸ்ஸுக்குச் சொன்னேன். அவ, "நேர்காணல் கிழமைக்குக் கிழமை பாஸ் பண்றீங்க அண்ணே" என்றா.

போன ஞாயிறும் அப்படித்தான் தொடங்கியது. பெயர் சொன்னேன். ஊர் சொன்னேன். கலியாணம் ஆகிவிட்டதா என்றாள். ஓம் என்றேன். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

"ஜே தெ ஸான்ஃபான்."

அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அதுவும் வகுப்பில் படித்ததுதான். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "இல் ஸோன் ஆன் ஃப்ரான்ஸ்." அவர்கள் பிரான்சில் இருக்கிறார்கள்.

பிள்ளை காதில் இருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தாள். ரீச்சர் முகம் போய்விட்டது. தோளில் நித்திரையாய்க் கிடந்த முகம்தான் இருந்தது.

"பப்பா, த்யூ வியன் கான்?"

எப்போது வருவீர்கள். நான் அதைத் தமிழுக்கு மாற்றவே இல்லை. எந்தச் சொல் எங்கே என்று தேடவும் இல்லை. அவள் கேட்க எனக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு காலமும் படித்ததில் முதல்முதலாக நேரே நெஞ்சுக்குப் போன வசனம் அது.

பியான்தோ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பின்னால் அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு நிற்பது தெரிந்தது. தம்பி போனில் இருந்து நிமிர்ந்தான். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மிஸ் குறுக்கே கோடு போட்ட வசனத்தைச் சொன்னேன்.

"ஜு ந ஸே பா."

எனக்குத் தெரியாது. தெரியாதுதானே, பிள்ளை. தெரிந்தால் சொல்ல மாட்டேனா.

அவள் அழுவாளோ என்று பயந்தேன். எழும்பிப் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயந்தேன். போகவில்லை. "தக்கோர்" என்றாள். சரி என்று அர்த்தம். பிறகு ஸ்ரிக்கர் மட்டையை எடுத்து, எதை உரிப்பது என்று பார்த்து, ஒரு நட்சத்திரத்தை எடுத்து என் நெற்றியில் ஒட்டினாள். விரல் திரையை மூடி ஒரு கணம் எல்லாம் இருட்டாகிப் போனது. என்னவோ கடகடவென்று சொன்னாள். அதில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது. திமான்ஷ். ஞாயிற்றுக்கிழமை. நான் "தக்கோர்" என்றேன்.

போனை வைத்த பிறகு தேத்தண்ணீர் ஊற்றினேன். குடிக்கவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் ரீவி சத்தம். மேசையைப் பார்த்தேன். சீனி ரின்னில் சாய்த்த போன் ஒவ்வொரு முறையும் வழுக்கி விழுகிறது. பிள்ளை கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் சரிந்து போகிறது, நான் பிடித்து நிமிர்த்துகிறேன்.

கதிரை ஒன்றைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்து சின்னக் கதிரையை இறக்கினேன். தூசி அப்பிப்போய் இருந்தது. முயலின் காது தெரியவில்லை. பைப்படிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், காலுக்கு அடியிலும் கழுவினேன். பழந்துணியால் துடைத்தேன். பிறகு என்னுடைய கதிரைக்கு நேர் முன்னால், மேசைக்கு அந்தப் பக்கத்தில், பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில், ஒரு ஸ்ரூலின் மேல் அதைத் தூக்கி வைத்தேன். முதுகுச் சட்டத்தில் போனைச் சாய்த்துப் பார்த்தேன். வழுக்கவில்லை.